25 நிமிடக் கடிகாரத்தில் உலகப் பட்டம்: ஆனந்த் தேர்ந்தெடுத்த அந்த மூன்றாவது நகர்வு!

விருதுநகரில் பஸ் ஏறி, ஆனைக்குட்டம் பக்கம் வழியாகச் சிவகாசியில் இறங்குவதற்குள் ஃபோனில் ஒரு ரேபிட் செஸ் ஆட்டத்தை முழுசாக ஆடி முடித்துவிடலாம். சிக்னல் மட்டும் கைகொடுக்க வேண்டும். காலண்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவர், பட்டாசுக் கம்பெனி அக்கவுன்ட்ஸ் பார்ப்பவர், ஐ.டி. வேலையை வீட்டிலிருந்தே செய்பவர் என்று இன்றைக்குப் பலர் செஸ் ஆடுவது இப்படித்தான். நேரம் குறைவு, யோசிப்பதும் குறைவு, தோற்றால் 'ரீமேட்ச்'.

ஆனால், இதே வேகத்தில் ஆடிய ஆட்டத்தால் உலக சாம்பியன் பட்டமே முடிவான நாள்கள் உண்டு. அதில் ஒன்று நம்முடையது. 2012 மே 30, மாஸ்கோ. மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் வளர்ந்த விஸ்வநாதன் ஆனந்த், இஸ்ரேலின் போரிஸ் கெல்ஃபாண்டை எதிர்த்து ஆடிய நான்கு ரேபிட் ஆட்டங்கள். நான்கில் மூன்று டிரா, ஒன்றில் வெற்றி. அந்த ஒரு வெற்றிதான் பட்டம். அதில் ஆனந்த் எடுத்த ஓப்பனிங், 'சிசிலியன் ரோசோலிமோ'.

அது என்ன ஓப்பனிங், ஏன் அன்றைக்கு அது, ரேபிட் என்றாலே ஆட்டம் ஏன் வேறு மாதிரி ஆகிவிடுகிறது? பார்ப்போம்.

முதலில், ரேபிட் என்றால் எவ்வளவு ரேபிட்?

சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேவின் கணக்கு எளிமையானது. ஒரு ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் நேரம் 10 நிமிடத்துக்கு மேல், 60 நிமிடத்துக்குள் இருந்தால் அது ரேபிட். 10 நிமிடமோ அதற்குக் கீழேயோ போனால் பிளிட்ஸ். ஒவ்வொரு நகர்வுக்கும் கூடுதலாகச் சில விநாடிகள் தரும் 'இன்கிரிமென்ட்' இருந்தால், அதை 60-ஆல் பெருக்கி மொத்தத்தில் சேர்த்துக்கொள்வார்கள்.

மாஸ்கோவில் கொடுத்தது ஆளுக்கு 25 நிமிடம், நகர்வுக்கு 10 விநாடி. பெருக்கிப் பார்த்தால் 35 நிமிடம். ஆக, ரேபிட். அதற்கு முன்பு அதே மேஜையில் ஆடிய கிளாசிக்கல் ஆட்டங்களில் முதல் 40 நகர்வுகளுக்கு மட்டுமே ஆளுக்கு 2 மணி நேரம். வித்தியாசம் புரிகிறதல்லவா? மூன்று வாரமாக மணிக்கணக்கில் உட்கார்ந்து யோசித்த இரண்டு பேரைத் திடீரென்று 'இனிமே சீக்கிரம்' என்றால் எப்படி இருக்கும்!

பட்டாசுத் தொழில் நடக்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கிளாசிக்கல் என்பது நீளத் திரி. பற்றவைத்துவிட்டு நிதானமாக விலகலாம். ரேபிட்டில் திரியின் நீளம் குறைவு. ஆனால் ஒவ்வொரு முறை காய் நகர்த்தும்போதும் ஒரு விரல்கடை அளவு திரியை யாரோ ஒட்டிக்கொடுக்கிறார்கள். அந்த விரல்கடைதான் அந்த 10 விநாடி. அதை நம்பியே பிழைக்கிற நிலைமைக்கு வந்துவிட்டால் அபாயம்.

ரேபிட் வரைக்கும் ஏன் போனது?

2012 போட்டியை நடத்த சென்னையும் விண்ணப்பித்திருந்தது. அதைவிடப் பெரிய தொகையைக் காட்டி மாஸ்கோ தட்டிச் சென்றது. பரிசுத் தொகை மொத்தம் 25.5 லட்சம் டாலர். இடம், ட்ரெட்யாகோவ் ஓவியக் கூடம்.

மொத்தம் 12 கிளாசிக்கல் ஆட்டங்கள். ஆனந்துக்கு அப்போது 42 வயது, கெல்ஃபாண்டுக்கு 43. இருவரும் பல வருடங்களாக ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். ஒருவரின் பழக்கம் மற்றவருக்கு அத்துபடி. விளைவு, முதல் ஆறு ஆட்டமும் டிரா. 'தூக்கம் வருது' என்று ரசிகர்கள் புலம்பினார்கள். ஆனந்துக்குப் பழைய வேட்கை இல்லை என்று கேரி காஸ்பரோவே விமர்சித்தார்.

ஏழாவது ஆட்டத்தில் கெல்ஃபாண்ட் ஜெயித்தார். மறுநாள், மே 21, எட்டாவது ஆட்டத்தில் ஆனந்த் 17 நகர்வில் திருப்பிக் கொடுத்தார். மூலையில் நின்ற யானையைக் கெல்ஃபாண்டின் ராணி ஆசையாகப் போய் வெட்டியது. வெட்டிய ராணிக்குத் திரும்பி வர வழி இல்லாமல் ஆனந்த் தன் ராணியை இரண்டே இரண்டு கட்டம் நகர்த்தி அடைத்துவிட்டார். உலக சாம்பியன் போட்டி வரலாற்றில் வெற்றி தோல்வியோடு முடிந்த மிகக் குட்டையான ஆட்டம் இதுதான் என்று பதிவானது.

அதற்குப் பிறகு மறுபடியும் டிரா, டிரா, டிரா, டிரா. 6-6. விதிப்படி அடுத்தது ரேபிட்.

இங்கே ஒரு விஷயம். கெல்ஃபாண்டுக்கு இது என்ன மாதிரியான நாள் என்று யோசித்துப் பாருங்கள். பத்தொன்பது இருபது வயதிலிருந்து உலகின் முன்னணியில் இருப்பவர். உலகப் பட்டத்துக்கான நேருக்கு நேர் போட்டிக்குத் தகுதி பெற்றது 42 வயதில். இன்னொரு வாய்ப்பு வரும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனந்துக்கும் நிலைமை லேசு இல்லை. தோற்றிருந்தால், அடுத்த ஆண்டு சென்னையில் 'உலக சாம்பியன் சொந்த ஊரில் ஆடுகிறார்' என்ற காட்சியே நடந்திருக்காது.

சரி, ரோசோலிமோ என்றால் என்ன?

காய்களின் பெயரை முதலில் ஒத்துக்கொள்வோம். நம்ம பக்கம் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பெயர். குறுக்காகப் போகும் பிஷப்பைச் சிலர் மந்திரி என்பார்கள், சிலர் ஒட்டகம் என்பார்கள். மூலையில் நிற்பது சிலருக்குக் கோட்டை, பலருக்கு யானை. ஆனைக்குட்டம்காரர்களுக்கு ஊர்ப் பெயரிலேயே ஆனை இருப்பதால் இந்தக் கட்டுரையில் அது யானையாகவே இருக்கட்டும்; பிஷப் பிஷப்பாகவே இருக்கட்டும்.

வெள்ளை ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறது. அது இ4. கறுப்பு நேருக்கு நேர் பதில் சொல்லாமல் பக்கவாட்டிலிருந்து சி5 என்று சிப்பாயைத் தள்ளுகிறது. இதுதான் சிசிலியன். 'நீ நடுவில் வந்தால் நான் ஓரத்திலிருந்து வந்து கடிப்பேன்' என்பது இதன் மனநிலை. அடுத்து வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வருகிறது, கறுப்புக் குதிரை சி6-க்கு வருகிறது.

இப்போது மூன்றாவது நகர்வு. இங்கேதான் ரோடு பிரிகிறது.

மெயின் ரோடு, டி4. வெள்ளை நடுவில் உடைத்துக்கொண்டு போகும். சிப்பாய்கள் வெட்டுப்படும், பலகை திறந்துகொள்ளும், இரண்டு பக்கமும் கத்தி வீசும். அப்படித் திறந்தால் கறுப்புக்குப் பிடித்தமான ஸ்வெஷ்னிகோவ் என்ற வகைக்குப் போய்விடலாம். அந்த வகையில் 20, 25 நகர்வு வரைக்கும்கூட கம்ப்யூட்டரை வைத்து வீட்டிலேயே தயார் செய்துவிட்டு வருவார்கள்.

சந்து வழி, பி5. வெள்ளை பிஷப் நேராகப் போய் சி6 குதிரையின் முன்னால் உட்காருகிறது. அவ்வளவுதான். அதன் பெயர்தான் ரோசோலிமோ.

பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அந்த சி6 குதிரை சும்மா நிற்கவில்லை. நடுப் பலகையின் டி4, இ5 என்ற இரண்டு முக்கியக் கட்டங்களைக் காவல் காக்கிறது. அதை பிஷப் வெட்டினால் என்ன ஆகும்? கறுப்பு சிப்பாயால் திருப்பி வெட்டும். பி வரிசைச் சிப்பாய் வந்து வெட்டினால், சி வரிசையில் ஒன்றின் பின்னால் ஒன்றாக இரண்டு கறுப்புச் சிப்பாய்கள் வரிசை கட்டி நிற்கும். இதை இரட்டைச் சிப்பாய் என்பார்கள். ஒன்றை ஒன்று காப்பாற்ற முடியாது. உடனே ஆபத்து இல்லை. 30, 40 நகர்வு கழித்து, காய்கள் குறைந்த பிறகு, மாசக் கடைசியில் வரும் கடன் தவணை மாதிரி அது வந்து நிற்கும்.

வெள்ளை சும்மா ஒன்றும் வாங்கவில்லை, விலையும் கொடுக்கிறது. பிஷப்பைக் கொடுத்துக் குதிரையை வாங்கியதால் கறுப்பிடம் இரண்டு பிஷப்பும் பத்திரமாக இருக்கும். பலகை திறந்தால் அந்த ஜோடி பயங்கரம். அதனால் ரோசோலிமோ ஆடும் வெள்ளை, பலகையைக் கொஞ்சம் பூட்டியே வைத்திருக்கப் பார்க்கும்.

இன்னொரு கிளையும் உண்டு. வெள்ளை வெட்டாமலேயே ராஜாவைக் கோட்டை கட்டிவிட்டு, யானையை நடுவுக்குக் கொண்டுவந்து, விரட்டினால் பிஷப்பை வீட்டுக்கே திருப்பி எடுத்துக்கொள்ளும். 'வந்துட்டுப் போனதுக்கு எதுக்கு வந்தே?' என்று கேட்கத் தோன்றும். அதற்குள் கறுப்பு தன் சிப்பாய்களை அவசரமாக நகர்த்தியிருக்கும். அந்த அவசரம்தான் லாபம்.

பெயர்க்காரர் ஒரு டாக்ஸி டிரைவர்

நிக்கோலா ரோசோலிமோ 1910-ல் கியேவில் பிறந்தவர். கிரேக்க வம்சாவளி. பிரான்ஸில் ஆடிப் பெயர் வாங்கி, பிறகு நியூயார்க் போனார். கிராண்ட் மாஸ்டர். ஆனால், அந்தக் காலத்தில் செஸ் சோறு போடாது. டாக்ஸி ஓட்டினார். கிரீனிச் வில்லேஜில் ஒரு சின்ன செஸ் ஸ்டூடியோ நடத்தினார்; வருகிறவர்கள் காசு கொடுத்து ஆடலாம். 1975-ல் மாடிப்படியில் விழுந்து இறந்துபோனார். அழகான ஆட்டம்தான் ஆட வேண்டும், டிராவுக்காக ஆடக் கூடாது என்று நினைத்தவர். அவர் பெயர் தாங்கிய ஓப்பனிங் பிற்காலத்தில் 'பத்திரமான வழி' என்று பெயர் எடுத்தது ஒரு வேடிக்கை.

ஆனந்த் ஏன் அந்தச் சந்துக்குள் போனார்?

இதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி.

கெல்ஃபாண்ட் பல வருடமாக இ4-க்கு எதிராகப் பெட்ராஃப், நைடோர்ஃப் என்று ஆடி வந்தவர். ஆனந்தின் டீம் அதையெல்லாம் அலசித் தயாராக வந்திருக்கும். மாஸ்கோவில் அவர் எடுத்ததோ வேறு. டி4-க்கு எதிராக கிரன்ஃபெல்ட். இ4-க்கு எதிராக ஸ்வெஷ்னிகோவ். இரண்டுமே எதிர்பாராதவை. தேர்வுக்கு ஒரு பாடத்தைப் படித்துவிட்டுப் போனால் கேள்வித்தாள் வேறு பாடத்திலிருந்து வந்த மாதிரி.

ஐந்தாவது ஆட்டத்தில் ஆனந்த் மெயின் ரோட்டிலேயே போய்ப் பார்த்தார். இ4, சிசிலியன், திறந்த பலகை, ஸ்வெஷ்னிகோவ். 27 நகர்வில் டிரா. கெல்ஃபாண்ட் வீட்டுப்பாடத்தை ஒழுங்காக முடித்துவிட்டு வந்திருக்கிறார் என்பது தெரிந்துபோனது.

பத்தாவது ஆட்டத்தில் பாதையை மாற்றினார். மூன்றாவது நகர்வில் பிஷப் பி5-க்கு. குதிரையை வெட்டினார், இரட்டைச் சிப்பாயை உண்டாக்கினார். கெல்ஃபாண்ட் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். ஐந்தாவது நகர்விலேயே ஒரு சிப்பாயை இ5-க்குத் தள்ளித் தியாகமாக நீட்டினார். யாரும் பெரிதாக யோசித்திருக்காத நகர்வு. ஆனந்த் எடுத்துக்கொண்டார், ஆனால் சீக்கிரமே சிப்பாய் திரும்பப் போனது, ராணிகள் வெட்டுப்பட்டன, 25 நகர்வில் டிரா.

பன்னிரண்டாவது ஆட்டம், கிளாசிக்கலின் கடைசி. மறுபடியும் ரோசோலிமோ, கொஞ்சம் மாற்றிய நகர்வு வரிசையில். 22 நகர்வில் டிரா. 'இவ்வளவு சீக்கிரம் ஏன் முடித்துக்கொண்டார்?' என்று விமர்சனம் வந்தது.

ஏன் என்பதற்கு என் ஊகம் இது: ரேபிட்டுக்குப் போனால் யாருக்கு லாபம் என்பது ஆனந்துக்குத் தெரியும். சின்ன வயதில் சென்னையில் டால் செஸ் கிளப்பில் ஆடிய காலத்திலிருந்தே அவர் மின்னல் வேகக்காரர். மற்றவர்கள் அரை மணி நேரம் யோசிக்கும் இடத்தில் அவர் எழுந்து நடந்துகொண்டிருப்பார். 2003-ல் பிரான்ஸின் காப் தாக்டில் நடந்த உலக ரேபிட் போட்டி இறுதியில் கிராம்னிக்கை வென்றவர். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் நடந்த ரேபிட் போட்டியை 11 முறை வென்றவர். இப்படிப்பட்டவர் கடைசிக் கிளாசிக்கல் ஆட்டத்தில் ரிஸ்க் எடுக்காததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ரசிகனாகப் பார்த்தால் சலிப்புதான், ஒப்புக்கொள்கிறேன். வேலையாகப் பார்த்தால் சரியான கணக்கு.

மே 30: அந்த ஒரு ஆட்டம்

முதல் ரேபிட்டில் கெல்ஃபாண்டுக்கு வெள்ளை. டிரா.

இரண்டாவதில் ஆனந்துக்கு வெள்ளை. இ4. சி5. குதிரை, குதிரை. மறுபடியும் பிஷப் பி5. மூன்றாம் முறையாக அதே சந்து.

இந்த இடத்தில் ஒரு சாதாரண ஆட்டக்காரர் யோசிப்பார்: 'ரெண்டு தடவை ஆடியும் ஒண்ணும் கிடைக்கலையே, எதுக்கு மறுபடியும்?' ஆனால் கிளாசிக்கலில் 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்றால், கெல்ஃபாண்டுக்கு யோசிக்க நேரம் இருந்ததால் கிடைக்கவில்லை என்று அர்த்தம். 2 மணி நேரம் கையில் இருக்கும்போது சரியான பதிலைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். 25 நிமிடத்தில் அதே தேடலுக்கு விலை அதிகம். மெயின் ரோட்டில் போயிருந்தால் கெல்ஃபாண்ட் மனப்பாடமாகவே 20 நகர்வு ஆடியிருப்பார், கடிகாரத்தில் ஒரு நிமிடம்கூடக் குறைந்திருக்காது. சந்தில் அந்த மாதிரி மனப்பாடம் கொஞ்சம்தான் உதவும். பாதியிலேயே சொந்தமாக யோசிக்க வேண்டி வரும். யோசித்தால் நேரம் போகும்.

அப்படியே நடந்தது. நிலைமை பெரிதாக யாருக்கும் சாய்ந்துவிடவில்லை. காய்கள் குறையக் குறைய, ஆனந்துக்கு ஒரு சின்ன, விடாத தொந்தரவு கொடுக்கும் நிலை. கெல்ஃபாண்டின் கடிகாரமோ விநாடிகளுக்கு இறங்கிவிட்டது. நகர்வுக்கு வரும் அந்த 10 விநாடியை நம்பியே ஓட்ட வேண்டிய கட்டம். நேரம் இருந்தால் காப்பாற்றக்கூடிய முடிவாட்டத்தில் கை தடுமாறியது. 77-வது நகர்வில் ஆட்டம் முடிந்தது. வெற்றி ஆனந்துக்கு.

ஒரு சின்னக் கணக்கு. 77 நகர்வுக்கு 10 விநாடி வீதம் 770 விநாடி, அதாவது கிட்டத்தட்ட 13 நிமிடம். 25-உடன் சேர்த்தால் 38 நிமிடத்துக்குள். ஒரு மனிதரின் வாழ்நாள் வாய்ப்பு அந்த 38 நிமிடத்தில் போனது.

மூன்றாவது ரேபிட்டில் கெல்ஃபாண்ட் கிட்டத்தட்டத் திருப்பிவிட்டார். யானைகள் மட்டும் மிஞ்சிய முடிவாட்டத்தில் வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மறுபடியும் கடிகாரம். வாய்ப்பு நழுவி டிரா. நான்காவதும் டிரா. 2.5-1.5. ஆனந்துக்கு ஐந்தாவது உலகப் பட்டம்.

பத்திரிகைகள் 'ஆனந்தின் வேகம் வென்றது' என்று எழுதின. உண்மைதான். ஆனால் மூன்றாவது ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அவ்வளவு நிச்சயமாகச் சொல்லமாட்டார்கள். அது இரண்டு பக்கமும் விழுந்திருக்கக்கூடிய காசு.

இது நியாயமா? கிரிக்கெட் சூப்பர் ஓவர் மாதிரி இல்லையா?

இந்தக் கேள்வி அன்றே எழுந்தது, இன்றுவரை ஓயவில்லை. கிளாசிக்கல் உலகப் பட்டத்தை ரேபிட்டை வைத்து முடிவு செய்யலாமா?

2012 மட்டும் இல்லை. 2006-ல் எலிஸ்டாவில் கிராம்னிக்-தோபலோவ் ரேபிட்டில்தான் முடிந்தது. 2016-ல் நியூயார்க்கில் கார்ல்சன்-கர்யாகின். கார்ல்சன் தன் பிறந்தநாளில் ராணியைத் தியாகம் செய்து கடைசி ஆட்டத்தை முடித்தார். 2018 லண்டனில் கார்ல்சன்-கருவானா. 12 கிளாசிக்கலும் டிரா, ரேபிட்டில் கார்ல்சன் 3-0. 2023-ல் அஸ்தானாவில் டிங் லிரென், கடைசி ரேபிட் ஆட்டத்தில் கறுப்புக் காயை வைத்து நெபோம்னியாஷியை வென்றார்.

2018-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். கடைசிக் கிளாசிக்கல் ஆட்டத்தில் தனக்குச் சாதகமான நிலையிலேயே கார்ல்சன் டிரா கேட்டார். உலகமே திட்டியது. ரேபிட்டில் தனக்குத்தான் பலம் என்று அவருக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன்பு ஆனந்த் போட்ட அதே கணக்கு. இன்னொரு தொடர்பு: அந்தப் போட்டியின் 1, 3, 5-வது ஆட்டங்களில் கருவானா எடுத்த ஓப்பனிங்கும் ரோசோலிமோதான். ஆடியதோ கார்ல்சனின் ஸ்வெஷ்னிகோவைத் தவிர்க்க!

சூப்பர் ஓவரோடு ஒப்பிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆறு பந்தில் அதிர்ஷ்டம் நிறைய வேலை செய்யும். நான்கு ரேபிட் ஆட்டம் என்பது கிட்டத்தட்ட ஒரு முழு நாள் உழைப்பு. ஆனாலும் அது வேறு திறமை என்பதில் சந்தேகம் வேண்டாம். நீண்ட தூரம் ஓடுகிறவர்களை வைத்து 400 மீட்டர் ஓடச் சொல்வது மாதிரி.

இதன் மறுபக்கம் 2024 டிசம்பர் 12-ல் சிங்கப்பூரில் தெரிந்தது. டிங் லிரெனுக்கும் நம்ம குகேஷுக்கும் 14-வது, கடைசி கிளாசிக்கல் ஆட்டம். 6.5-6.5. டிரா ஆனால் மறுநாள் ரேபிட். அதில் டிங் கைதான் ஓங்கும் என்று பலர் நம்பினார்கள். டிங்கும் காய்களைக் குறைத்து டிராவை நோக்கியே போனார். குகேஷ் விடாமல் ஆடிக்கொண்டே இருந்தார். 55-வது நகர்வில் டிங் யானையைத் தவறான இடத்தில் வைத்தார். முடிந்தது. ரேபிட் நடக்கவே இல்லை. ஆனால் அதன் நிழல் அந்த மேஜை மேல் இருந்தது. குகேஷ், 2013-ல் சென்னையில் ஆனந்த்-கார்ல்சன் போட்டியைப் பார்வையாளராகப் பார்த்த ஏழு வயதுப் பையன். மாஸ்கோவின் அந்த 77 நகர்வு எங்கே போய் முட்டுகிறது பாருங்கள்.

பிரக்ஞானந்தாவும் இதே கடிகாரமும்

2022 பிப்ரவரியில், ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் என்ற ஆன்லைன் ரேபிட் போட்டியில், 16 வயது பிரக்ஞானந்தா சென்னையிலிருந்து கறுப்புக் காயோடு கார்ல்சனை 39 நகர்வில் வீழ்த்தியது நினைவிருக்கும். நேரம், ஆளுக்கு 15 நிமிடம், நகர்வுக்கு 10 விநாடி. நம்ம ஊர் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டிய ஆட்டம். அதே ஆண்டு மே மாதம் இன்னொரு ரேபிட் போட்டியில் மறுபடியும் வென்றார். அதில் கார்ல்சன் 40-வது நகர்வில் குதிரையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். உலகின் முதல் நம்பரே இந்த வேகத்தில் இப்படி வழுக்குவார் என்றால், நாம் எல்லாம் எம்மாத்திரம்!

திருப்பிக் கொடுத்ததும் அதே கடிகாரம்தான். 2023 ஆகஸ்ட் 24, பாகு உலகக் கோப்பை இறுதி. இரண்டு கிளாசிக்கலும் டிரா. 25 நிமிடம், 10 விநாடி. கார்ல்சன் 1.5-0.5.

அப்போ, நான் ரோசோலிமோ கத்துக்கலாமா?

மாவட்ட அளவில் ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ நடக்கும் ஒருநாள் போட்டிகள் பெரும்பாலும் ரேபிட்தான். காலையில் போய் சாயங்காலம் கோப்பையோடு, அல்லது சான்றிதழோடு, திரும்பலாம். அங்கே ஆடுகிறவர்களுக்கும், ஃபோனில் ஆடுகிறவர்களுக்கும் இந்த ஓப்பனிங் நல்ல தேர்வு என்பது என் கருத்து. வேலைக்குப் போகிறவருக்கு 25 நகர்வு மனப்பாடம் செய்ய நேரம் ஏது? இங்கே யோசனை ஒன்றுதான்: அந்தக் குதிரையைத் தொந்தரவு செய், ராஜாவைச் சீக்கிரம் கோட்டை கட்டு, வெட்டினால் பலகையைப் பூட்டு.

ஆனால் ஒன்று. 'தியரி கம்மி' என்று இதை இன்னும் விற்பவர்களை நம்பாதீர்கள். 2018-க்குப் பிறகு பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் இதைத் தோண்டித் துருவிவிட்டார்கள். கறுப்பு ஜி6 என்று சிப்பாயை நகர்த்தி பிஷப்பை ஓரத்தில் வைத்தால் என்ன செய்வது, இ6 என்றால் என்ன செய்வது என்ற இரண்டையாவது தெரிந்துகொண்டு போக வேண்டும். அப்புறம், கறுப்பு குதிரைக்குப் பதிலாக டி6 என்று சிப்பாயை நகர்த்தினால் பிஷப் பி5-க்குப் போவது நேரடியாக ராஜாவுக்குச் செக். அதன் பெயர் மாஸ்கோ வகை. ஆனந்த்-கெல்ஃபாண்ட் போட்டிக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மனப்பாடத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆனந்தின் வாழ்க்கையிலேயே ஒரு கதை இருக்கிறது. 1988, சுவிட்சர்லாந்தின் பீல் நகரம். எதிரே கொலம்பியாவின் அலோன்சோ சபாடா. பெட்ராஃப் ஓப்பனிங். ஐந்தாவது நகர்வில் ஆனந்த் பிஷப்பை எஃப்5-இல் வைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு மைல்ஸ், கிறிஸ்டியன்சன் என்ற இரண்டு கிராண்ட் மாஸ்டர்கள் ஆடிய ஆட்டத்தில் அதே நகர்வு வந்து, டிராவாக முடிந்திருந்தது. அச்சில் வந்த நகர்வுதானே என்று நம்பிவிட்டார். சபாடா ராணியை இ2-க்கு நகர்த்தினார். அவ்வளவுதான். இ4-இல் நிற்கும் குதிரைக்குப் பின்னால் ராஜா. குதிரை நகரவும் முடியாது, காப்பாற்றவும் முடியாது. ஆறாவது நகர்வில் ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார். அச்சில் வந்த ஆட்டத்தில் எதிராளி அந்த ராணி நகர்வை ஆடவே இல்லை!

அப்படித் தோற்ற அதே மனிதர், 2017 டிசம்பரில், 48 வயதில், ரியாத்தில் உலக ரேபிட் பட்டத்தை வென்றார். 15 சுற்றில் ஒரு தோல்விகூட இல்லை. வழியில் கறுப்புக் காயோடு கார்ல்சனையும் வென்றுவிட்டுத்தான் போனார்.

கெல்ஃபாண்ட் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மாஸ்கோவில் தோற்றதற்கு அடுத்த வருடம், 2013 ஜூனில், அதே மாஸ்கோவில் நடந்த டால் நினைவுப் போட்டிக்கு வந்தார். கிளாசிக்கல் போட்டி, கடிகாரத்தில் நிறைய நேரம். கார்ல்சன் இரண்டாவது இடம். முதல் இடம் கெல்ஃபாண்டுக்கு.